முத்திரைப் பற்றும் பொதுப் பணமும்

சென்ற ஆண்டு ஆய்வின் பொருட்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. ஒழுங்காக ஓடும் தறிகளும், தவறாது பங்குத்தொகை செலுத்தும் அங்கத்தினர்களும், வட்டாரத்தில் நல்ல பெயரும் உடைய சங்கம் அது. அதன் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டியபோது, அடுத்தடுத்து மூன்று கூட்டங்களில் ஒரே பொருள் விவாதிக்கப்பட்டு, மூன்று முறையும் "அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைக்கப்பட்டது" என்று முடிந்திருக்கக் கண்டோம்.

அலுவலகத்துக்கு இரண்டு மேசைக் கணிப்பொறிகள் வாங்குவதே அப்பொருள். பணம் ஒதுக்கப்பட்டிருந்தது, விலைப்புள்ளிகளும் வந்திருந்தன. தடை யாதெனில், கணிப்பொறியின் மூளை என்று சொல்லப்படும் பிராசஸர் எந்தக் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்பதே. இயக்குநர்களில் ஒரு சாரார் இன்டெல் என்றனர். மற்றொரு சாரார் ஏ.எம்.டி. என்றனர். முதற் சாராரில் ஒருவருடைய மகன் சென்னையில் கணினித் துறையில் வேலை பார்க்கிறார். இரண்டாம் சாராரில் ஒருவருடைய மருமகன் கோவையில் கணினிக் கடை வைத்திருக்கிறார். இளைஞர் இருவரும் தத்தம் அபிப்பிராயத்தைத் தொலைபேசி வழியே உறுதியாகக் கூறியிருந்தனர். அவ்வளவுதான், சங்கம் இரண்டு கட்சியாயிற்று.

அதற்கிடையில், பல்லாண்டு உழைத்த பழைய கணிப்பொறி ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டது. கூலிப் பட்டியலையும் நூல் இருப்புக் கணக்கையும் எழுத்தர் கையால் எழுதிக் கூட்ட வேண்டியதாயிற்று. அவ்வாரக் கூலி ஒன்பது நாள் பிந்திப் பட்டுவாடா ஆயிற்று. நாம் சென்ற அன்று பாவு வாங்க வந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஐயா, அதுக்கு எந்த மூளையை வெச்சா என்னங்க? சனிக்கிழமை கூலி வருமா, வராதா? அதைச் சொல்லுங்க."

அக்கேள்விக்கு அன்று நாம் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையைக் காலங்கடந்து வந்த விடை என்று அவர் கொள்வாராக.

நாமும் பிழை செய்தோம்

இயக்குநர்களை மட்டும் குறை கூற நமக்கு உரிமை இல்லை. கல்லூரியில் பயின்ற காலத்தில், தந்தையார் கடன் பட்டு வாங்கித் தந்த கணிப்பொறி ஒன்று நம்மிடம் இருந்தது. அதனுள் இருந்த பிராசஸரை ஆக்கிய கம்பெனியின் பேரில் நமக்கு உண்டான பற்றுக்கு அளவில்லை. விடுதி நண்பர்களோடு இரவெல்லாம் வாதிட்டிருக்கிறோம். மாற்றுக் கம்பெனியின் சில்லை வாங்கியவனை அறிவில்லாதவன் என்று எண்ணியிருக்கிறோம்.

பணியில் சேர்ந்த பின், ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளர் நம்மிடம் யோசனை கேட்டார். கம்பெனிப் பெயரை மாத்திரம் கூறி, "அதையே வாங்குங்கள்" என்றோம். அவ்வாறே வாங்கினார். பிராசஸர் நல்லதுதான். ஆனால் வியாபாரி அப்பெயரைப் பொருத்தி, ஏனையவற்றில் சிக்கனம் செய்துவிட்டார். நினைவகம் 4 ஜி.பி.தான், சேமிப்பதற்குச் சுழலும் பழைய வகைத் தட்டு. விதைப்புக் காலத்தில் நகைக்கடன் கேட்டு வந்த விவசாயிகள், ஒரு ரசீது திரையில் தோன்றும்வரை வெயிலில் வரிசையாக நின்றதைப் பின்னர் நேரிற் கண்டோம். அங்கே கெட்டது சில்லன்று, நம் யோசனையே.

தறியைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்

பிராசஸர் என்பது யாது என்று நெசவாளர்க்கு விளக்குதல் எளிது. ஏனெனில் கணிப்பொறியின் முன்னோர்களுள் ஒன்று தறியே. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த பொறியில், அட்டையில் துளை இருந்தால் பாவிழை உயரும், இல்லையேல் உயராது. இன்றும் நம் பட்டுத் தறிகளின்மேல் அவர் பெயர் கொண்ட பெட்டிகளைக் காண்கிறோம். 1830-களில் கணக்கிடும் பொறி ஒன்றைத் திட்டமிட்ட ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ், கட்டளைகளை அதற்கு அறிவிக்க இவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களைக் கொண்டு வேலை செய்வது இன்றைய சில்லின் இயல்பும் ஆகும்.

விற்பனையாளர் இரண்டு எண்களைப் பெரிதாகக் கூறுவார். ஒன்று, கோர் எனப்படும் உட்கருக்களின் எண்ணிக்கை; மற்றொன்று, கிகாஹெர்ட்ஸ் என்னும் வேக அளவு. உட்கரு என்பதைத் தறி என்று கொள்க. எட்டுத் தறி உடையவர் எட்டுச் சேலைகளை ஒரே காலத்தில் நெய்யலாம். ஆனால் ஒரே ஒரு சேலையை எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிட முடியாது. கிகாஹெர்ட்ஸ் என்பதை, நாடா நிமிடத்துக்கு எத்தனை முறை ஓடுகிறது என்பதோடு ஒப்பிடலாம். அதிகம் ஓடினால் வேலை அதிகம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வோர் ஓட்டத்திலும் எவ்வளவு துணி விளைகிறது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? ஆகையால் இரு கம்பெனிகளின் சில்லுகளை இவ்வெண்களை மட்டும் வைத்து ஒப்பிடுதல், நாடா ஓட்டத்தை மட்டும் எண்ணிச் சேலைக்கு விலை மதிப்பதை ஒக்கும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு மற்றோர் உவமை. கிணற்றில் ஊறும் நீர் குறைவாக இருக்க, 10 குதிரைத்திறன் மோட்டாரைப் பொருத்திப் பயன் என்ன? சற்று நேரத்தில் நீர் வற்றும்; மோட்டார் காற்றை இழுக்கும். நினைவகமும் சேமிப்பகமும் ஊற்றுப் போன்றவை. பிராசஸர் மோட்டார் போன்றது. நம் கடன் சங்கத்தில் நேர்ந்தது இதுவே. ஊற்றைப் பாராமல் மோட்டாரின் பெயருக்காக நாம் வாதாடினோம்.

ஒரு கொடியில் இரு காய்

இனி, எந்தக் கம்பெனிகளுக்காக நம்மவர் கட்சி கட்டினரோ அவற்றின் வரலாற்றைச் சிறிது காண்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபேர்சைல்டு என்னும் சில்லுக் கம்பெனி இருந்தது. அதிலிருந்து வெளியேறிய ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968-இல் இன்டெல்லைத் தொடங்கினர். அதே கம்பெனியிலிருந்து வெளியேறிய ஜெர்ரி சாண்டர்சும் அவருடைய தோழர்களும் 1969-இல் ஏ.எம்.டி.யைத் தொடங்கினர். ஒரு கொடியில் காய்த்த இரண்டு காய்கள் இவை. இன்றும் இரண்டின் தலைமையகங்களும் சான்டா கிளாரா என்னும் ஒரே நகரத்தில் உள்ளன.

1981-இல் ஐ.பி.எம். கம்பெனி தன் தனியாள் கணிப்பொறியை இன்டெல் சில்லை வைத்து வெளியிட்டது. ஆனால் ஒரே கம்பெனியை நம்பியிருத்தல் ஆபத்து என்று கருதி, அச்சில்லைச் செய்து தர இரண்டாவது கம்பெனி ஒன்றும் வேண்டும் என அது வற்புறுத்தியது. அதன் விளைவாகவே 1982-இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் ஒப்பந்தம் செய்துகொண்டன. வாங்குகிறவர் ஒருவர் எச்சரிக்கையாக இருந்தமையால் இப்போட்டி வலுப்பெற்றது என்பதை அங்கத்தினர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இவை இரண்டும் நீதிமன்றங்களில் நெடுநாள் வழக்காடின. வியாபார முறைகேடு பற்றிய வழக்கு ஒன்றை முடித்துக்கொள்ள 2009-இல் இன்டெல் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்தது.

கம்பெனிகளின் வழக்கு இவ்வாறிருக்க, அவற்றின் சில்லுகளை ஆக்கிய அறிஞர்களோ ஒரு பக்கமே நின்றவர்கள் அல்லர். புனாவிற் பிறந்த வினோத் தாம் இன்டெல்லில் பென்டியம் சில்லின் ஆக்கத்தில் தலைமைப் பங்கு கொண்டவர். 1995-இல் அவர் நெக்ஸ்ஜென் என்னும் சிறு கம்பெனிக்குச் சென்றார். 1996-இல் அதனை ஏ.எம்.டி. விலைக்கு வாங்கிக்கொண்டது. 1997-இல் வெளிவந்து பென்டியத்தோடு போட்டியிட்ட கே6 சில்லிலும் அவர் பங்கு உண்டு. ஜிம் கெல்லர் என்னும் பொறியியலறிஞர் ஏ.எம்.டி.யின் ஜென் சில்லுக்கு 2012 முதல் 2015 வரை உழைத்தவர். 2018-இல் அவரே இன்டெல்லிற் சேர்ந்து 2020 வரை பணியாற்றினார்.

இன்னும் ஒன்று. ஏ.எம்.டி. தன் சில்லுகளின் வடிவத்தைத் தானே வரைந்து, தைவான் தீவின் டி.எஸ்.எம்.சி. ஆலையிற் செய்வித்துக்கொள்கிறது. இன்டெல் தனக்கென ஆலைகள் உடையது. ஆயினும் 2024-இல் வெளியிட்ட மேசைக் கணிப்பொறிச் சில்லுகளின் முக்கியப் பகுதியை அதே தைவான் ஆலையிலேதான் செய்வித்தது. இரண்டு ஜவுளிக் கடைகளின் சேலையும் ஒரே ஊரின் தறியில் நெய்யப்பட்டு, முத்திரை மட்டும் வேறாக வருவதை நாம் அறியாதவர்களா? ஆக்குகிறவர்க்கே இல்லாத கட்சி, வாங்குகிற நம் கிராமத்துச் சங்கத்துக்கு எதற்கு?

ஏற்றமும் தாழ்வும் இருவர்க்கும் உண்டு

"எங்கள் கம்பெனி தவறே செய்யாது" என்று ஒருவர் கூறினால், அவர் வரலாறு அறியாதவர் என்று கொள்ளலாம். 1994-இல் இன்டெல்லின் பென்டியம் சில்லில் வகுத்தற் கணக்குச் சிற்சில இடங்களிற் பிழையாக வந்தது. கணிதப் பேராசிரியர் ஒருவர் அதனைக் கண்டு உரைத்தார். கம்பெனி முதலில், உண்மையாகப் பாதிக்கப்படுவோர்க்கு மட்டுமே மாற்றித் தருவதாகக் கூறியது. வாங்கியவர்களின் எதிர்ப்புக்குப் பின் கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தர இசைந்து, அதற்கென 47 கோடியே 50 லட்சம் டாலரைச் செலவில் எழுதியது.

2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தை முதலிற் கண்டது ஏ.எம்.டி. 2003-இல் 64 பிட் முறையை இவ்வகைச் சில்லுகளிற் புகுத்தியதும் அதுவே. மறு ஆண்டில் இன்டெல் அம்முறையைப் பின்பற்றியது. 2006-இல் இன்டெல் தன் கோர் 2 சில்லுகளோடு மீண்டும் முன்னேறியது. 2011-இல் ஏ.எம்.டி. புல்டோசர் வகையை வெளியிட்டு, எட்டு உட்கரு உடையது என விளம்பரம் செய்தது. ஆனால் இரண்டிரண்டு உட்கருக்கள் சில உறுப்புகளைப் பொதுவில் வைத்திருந்தன. வேகமும் எதிர்பார்த்த அளவு இல்லை. வாங்கியவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2019-இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு வழக்கு இணக்கமாயிற்று.

2017-இல் ஏ.எம்.டி. ரைசன் சில்லுகளோடு மீண்டும் எழுந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைகள் வெளியாயின. முன்னது பெரும்பாலும் இன்டெல்லைப் பற்றியது. பின்னது இருவரையும் பற்றியது. 2023-இல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைச் சில்லுகள் சில, தாய்ப்பலகை கொடுத்த மிகுதியான மின்னழுத்தத்தாற் கருகின. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைச் சில்லுகள் சில நிலைகுலைந்தன. அதற்கும் மிகுதியான மின்னழுத்தமே காரணம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டாண்டு நீட்டித்தது.

இவற்றை எடுத்துரைப்பது எவரையும் இழித்துரைக்க அன்று. இருவரும் சிறந்த பொருள் செய்பவர்களே, இருவரும் சறுக்கியவர்களே. சென்ற ஆண்டு முன்னே நின்றவர் இவ்வாண்டும் முன்னே நிற்பார் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே பத்தாண்டுக்கு முன் கொண்ட அபிப்பிராயத்தை வைத்து இன்று பொருள் வாங்குதல், பத்தாண்டுக்கு முன் பெய்த மழையை நம்பி இன்று நாற்று விடுவதற்கு ஒப்பாகும்.

பற்று எவ்வாறு விளைகிறது?

பற்றில் ஒரு பகுதி அனுபவத்தால் வருவது. அதை நாம் குறை கூறோம். மற்றொரு பகுதி விளம்பரத்தால் விளைவிக்கப்படுவது. 386, 486 என்னும் வெறும் எண்களை வியாபார முத்திரையாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாமையால், இன்டெல் 1993-இல் வெளியிட்ட சில்லுக்குப் பென்டியம் என்னும் பெயரைச் சூட்டியது. அதற்கு முன்பே, 1991-இல், தன் சில்லு உள்ளே இருப்பதை அறிவிக்கும் ஒட்டுச்சீட்டைக் கணிப்பொறியின் முகப்பில் ஒட்டச் செய்து, அவ்வாறு செய்த தயாரிப்பாளர்களின் விளம்பரச் செலவிலும் பங்கேற்றது. கண்ணாற் காணமுடியாத உள்ளுறுப்பு ஒன்று, அன்று முதல் வீட்டுக்கு வீடு பேசப்படும் பெயராயிற்று. ஏ.எம்.டி.யும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றியது.

பெயரால் வரும் ஏமாற்றம் ஒன்றை அங்கத்தினர்கள் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். ஐ3, ஐ5, ஐ7 என்றும், ரைசன் 3, 5, 7 என்றும் வரும் எண்கள், ஒரே காலத்தில் வெளிவந்த சில்லுகளுக்குள் உயர்வு தாழ்வைக் குறிப்பன. காலத்தை அவை சொல்லா. 2012-இல் வெளிவந்த ஐ5-ஐக் காட்டிலும் 2022-இல் வெளிவந்த ஐ3 வேகமானது. ஆயினும் பழைய கணிப்பொறியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, "ஐ5 ஐயா, ஐ5" என்று விற்பவர் உளர். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையும் ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையும், அவற்றின் பின்வந்தவையுமே ஏற்றவை. தலைமுறையைக் கேளாமல் பெயரை மட்டும் கேட்டு வாங்கிய சங்கம், அங்கத்தினர்களின் கணக்கைக் காவலின்றி வைத்திருப்பதாகும்.

நம் முத்திரை வேறா?

இவ்விடத்தில் அறிவுடைய அங்கத்தினர் ஒருவர் நம்மை மறித்துக் கேட்கலாம்: "முத்திரைப் பற்றுக் கூடாது என்கிறீரே, நம் சங்கங்கள் பிழைப்பதே வாடிக்கையாளரின் முத்திரைப் பற்றால் அல்லவா? 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் நிற்பது அதன் பெயரை நம்பிப் படியேறும் மக்களால் அல்லவா? காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றதும் அதற்காக அல்லவா?"

கேள்வி நியாயமானது. நாமும் இதைப் பலநாள் எண்ணிப் பார்த்தோம். நம் விடை இது. முத்திரை என்பது ஒரு வாக்குறுதி. சேலையின் சரிகையும் சாயமும் அளவும் அவ்வாக்குறுதியை ஒவ்வொரு முறையும் காப்பாற்றும் வரை, வாடிக்கையாளர் வைக்கும் நம்பிக்கை நியாயமானது. ஒரு முறை சாயம் போயிற்றானால், அவர் நம்மைக் கேட்கவும் கைவிடவும் உரிமை உடையவர். அந்த அச்சம் நம்மிடம் இருப்பதனாலேயே நம் துணி நன்றாக இருக்கிறது. தன் வாடிக்கையாளரிடம் சோதனையை எதிர்பார்க்கும் சங்கம், தான் வாடிக்கையாளராகும்போது சோதிக்காமல் வாங்குதல் தகாது. நூல் வந்தால் முத்திரையைப் பார்த்துவிட்டா வாங்குகிறோம்? சிட்டத்தைப் பிரித்து, இழையை இழுத்து, நம்பர் சரியா என்று பார்த்தல்லவா வாங்குகிறோம்? பானை வாங்குகிறவரும் தட்டிப் பார்த்தே வாங்குகிறார்.

மேலும், கூட்டுறவாளர்களாகிய நாம் ஒன்றை மறத்தலாகாது. ஒரே முதலாளியிடம் நூல் வாங்கி, அவர் சொன்ன கூலிக்கு நெய்து, அவரை விட்டு அகல முடியாத நிலையிலிருந்து விடுதலை பெறவே நெசவாளர் சங்கங்கள் எழுந்தன. கந்துவட்டிக்காரர் ஒருவரையே நம்பியிருந்த விவசாயிகளுக்காகக் கடன் சங்கங்கள் எழுந்தன. வேறு வழி இல்லாதவனை வியாபாரி மதிப்பதில்லை. சில்லு வியாபாரத்திலும் இதுவே நடந்தது. 2007 தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், இன்டெல்லின் பொதுவகை மேசைச் சில்லுகளில் நான்கு உட்கருவே உச்ச அளவாக இருந்தது. வலுவான போட்டி இல்லை. 2017 மார்ச்சில் ஏ.எம்.டி. எட்டு உட்கரு உடைய ரைசனைக் கொண்டுவந்ததும், அவ்வாண்டு அக்டோபரிலேயே இன்டெல் ஆறு உட்கரு தந்தது. விட்டு விலகத் தயாராக இருந்த வாடிக்கையாளர்களே அந்நன்மையை எல்லார்க்கும் பெற்றுத் தந்தனர். கண்ணை மூடிக்கொண்டு பற்று வைத்தவர்கள் அல்லர்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

2022-இல் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அத்தகைய திட்டங்களின் கீழ் வரும் பொறிகளுக்கு விதிமுறை மேலிருந்தே வரும். ஆனால் சங்கம் தன் நிதியில் வாங்கும் பொறிகளுக்கு நிர்வாகக் குழுவே பொறுப்பாகும். அக்குழுக்களுக்கு நாம் கூற விரும்புவன இவை.

முதலாவது, பொறியின் பெயரை எழுதுமுன் வேலையின் பெயரை எழுதுக. கூலிப் பட்டியல், நூல் இருப்பு, கடன் ரசீது, தமிழ்க் கடிதம், இணையவழி விண்ணப்பம் ஆகியவையே பெரும்பாலான சங்கங்களின் வேலை. இவற்றுக்கு இரு கம்பெனிகளின் அண்மைக்காலச் சாதாரணச் சில்லும் போதும். ஜக்கார்டு வடிவங்களைக் கணிப்பொறியில் வரையும் பிரிவு இருந்தால் மட்டும், அம்மென்பொருள் எதைக் கேட்கிறது என்று அறிந்து சற்று உயர்ந்த சில்லை நாடலாம்.

இரண்டாவது, ஊற்றைப் பார்க்க. நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையலாகாது, இயன்றால் 16 ஆகட்டும். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யாக இருத்தல் வேண்டும். சில்லில் ஒரு படி குறைத்தேனும் இவ்விரண்டையும் சரியாக வாங்குதல் நலம். மின்தடை நேரத்தில் கணக்கு அழியாதிருக்க யூ.பி.எஸ். வேண்டும். அன்றாடக் கணக்கின் நகலை எடுத்துத் தனியே வைக்க வெளித்தட்டு ஒன்றும் வேண்டும்.

மூன்றாவது, விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் கம்பெனிப் பெயரை எழுதாமல், தேவையை எழுதுக. எந்த ஆண்டுக்குப் பிந்திய சில்லு, எத்தனை உட்கரு, எவ்வளவு நினைவகம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுதினால் இருவகைப் பொறிகளும் ஒரே தராசில் வந்து நிற்கும். சில்லின் முழு எண்ணையும் விலைப்புள்ளியில் எழுதித் தரச் சொல்லுக. எண்ணின் இறுதியில் எஃப் என்னும் எழுத்து நின்றால், இரு கம்பெனியிலும், அச்சில்லில் திரைக்குப் படம் அனுப்பும் உறுப்பு இல்லை என்று பொருள். தனியே கிராபிக்ஸ் அட்டை வாங்காவிடில் திரை இருண்டே கிடக்கும்.

நான்காவது, கடையில் வைத்தே சோதிக்க. சங்கத்தின் மாதிரிக் கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்துச் சென்று இரு பொறிகளிலும் திறந்து பார்க்க. பட்டியல் கூட்டி அச்சாக எத்தனை விநாடி ஆகிறது என்று எழுத்தரே குறித்துக்கொள்ளட்டும். பொறியோடு நாள்தோறும் பழகப்போகிறவர் அவரே. அவருடைய குறிப்பு, தொலைபேசியில் வரும் அபிப்பிராயத்தைவிட மதிப்புடையது.

ஐந்தாவது, பழுதானால் வருபவர் யார் என்று பார்க்க. பட்டணத்திலிருந்து பத்து நாள் கழித்து ஆள் வரும் உயர்ந்த பொறியைவிட, மறுநாளே ஆள் வரும் சாதாரணப் பொறி சங்கத்துக்கு ஏற்றது. ஏற்கெனவே ஒரே வகைப் பொறிகள் பல இருந்து, அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் உள்ளூரில் இருந்தால், அதே வகையைத் தொடர்தல் முத்திரைப் பற்று ஆகாது, அது கணக்கு. இதற்கு மாறாக, ஏ.எம்.டி. தன் ஏ.எம்.4 அடித்தளத்தில் 2016 முதல் பல ஆண்டுகள் புதுச் சில்லுகளைப் பொருத்த இடம் தந்தது என்பதும், இன்டெல் 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் அடித்தளத்தை மாற்றியது என்பதும் உண்மையேயாயினும், வாங்கிய பொறியின் சில்லைக் கழற்றிப் புதிது பொருத்திய சங்கம் எதனையும் நாம் கண்டதில்லை. நமக்குப் பயன்படாத நன்மைக்கு நாம் விலை கொடுக்க வேண்டுவதில்லை.

இவ்வளவும் செய்தபின் இரு பொறிகளும் ஏறக்குறைய ஒரே பயனும் ஒரே விலையும் உடையனவாக நிற்கக் கூடும். அப்பொழுது வாக்கெடுத்து முடிவு செய்க. திருவுளச் சீட்டுப் போட்டாலும் குற்றமில்லை. நாள் கடத்துவது ஒன்றுதான் குற்றம்.

அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டுக்கு, தம் பணத்தில், தமக்கு விருப்பமான கம்பெனியின் பொறியை வாங்கலாம். அதை வினவ எவர்க்கும் உரிமை இல்லை. அதில் ஒரு மகிழ்ச்சியும் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆனால் சங்கத்தின் பணம், பல வீட்டுத் தறிகளின் ஓசையிலிருந்தும் பல வயல்களின் வியர்வையிலிருந்தும் சேர்ந்த பணம். சொந்தப் பணத்தில் விருப்பம் பேசலாம். பொதுப் பணத்தில் கணக்கே பேச வேண்டும். குழுவில் அமர்ந்திருப்பவர் பற்று வைக்க வேண்டுமாயின், சனிக்கிழமைக் கூலிக்காகக் காத்திருக்கும் அங்கத்தினர்மீது வைப்பாராக.

முதலிற் கூறிய சங்கம் நான்காம் கூட்டத்தில் பொறிகளை வாங்கிவிட்டது. எந்தக் கம்பெனியுடையது என்று நாம் இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த ஆய்வுக்குச் சென்றபோது அந்த முதிய நெசவாளரைக் கண்டு, புதுக் கணிப்பொறி எப்படி என்று வினவினோம். "அதைப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? கூலி சனிக்கிழமை வந்திடுதுங்க" என்றார்.